பயந்தது யார்?

அன்புள்ள ஐயா,

கோதிக் புனைகதையில் (பழங்கோட்டை, மர்மம், திகில் நிறைந்த கதைவகை) பாலினம் பற்றி மதிப்பீட்டுக் கட்டுரை ஒன்று எழுதினேன். ஆன் ராட்கிளிஃபின் ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ நாவலில் கதாநாயகி எமிலி அடிக்கடி மயங்கி விழுகிறாள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் பெண்களின் குரலே அரிது. ஆகவே இவ்வகை எழுத்து பெண்ணைப் பலவீனமானவளாகவே காட்டுகிறது என்று முடித்திருந்தேன். விரிவுரையாளர், “இது விவரணம், மதிப்பீடு எங்கே?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நான் எங்கே பிழைவிட்டேன்?

ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கண்டதில் பிழையில்லை, கண்டதோடு நின்றுவிட்டீர்கள். எமிலி எத்தனை முறை மயங்கினாள் என்பது கணக்கெடுப்பு. எதன் முன்னால் மயங்கினாள், அதை நாவல் எவ்வாறு எடைபோடுகிறது, அந்த எடை உங்களுக்குச் சரியாகப் படுகிறதா என்று கேட்கும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது.

1794இல் வெளிவந்த ‘உடோல்ஃபோ’ நாவலில் எமிலியின் அத்தையை மணந்த மொண்டோனி தன் கோட்டைக்குள் முதலில் மனைவியையும், அவள் இறந்தபின் எமிலியையும் நெருக்குவது சொத்தை எழுதி வாங்கத்தான். அமானுஷ்யம் என்று எமிலி அஞ்சியவற்றுக்கு ராட்கிளிஃப் இறுதியில் இயல்பான காரணம் சொல்லிவிடுகிறார். கையொப்பம் கேட்டவன் மட்டும் கடைசிவரை மெய்யாகவே நிற்கிறான். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படும் நம்மூரில், காணி உறுதியை மேசையில் விரித்துவைத்து “இதிலே ஒரு கையெழுத்துப் போடு” என்று கேட்கும் குரலின் பயங்கரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1818இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இன்னும் சிக்கலானது. கதை சொல்லும் மூவரும் (கடற்பயணி வால்டன், உயிரொன்றைப் படைக்கும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், அவன் படைத்த அந்த உயிர்) ஆண் குரல்கள். வால்டன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்கள் நூலில் இருக்கின்றன, அவளுடைய பதில் ஒன்றுகூட இல்லை. இங்கேயே நீங்கள் தீர்ப்பெழுதிவிட்டீர்கள். விக்டர், தான் படைத்த உயிருக்குத் துணையாக ஒரு பெண்ணை உருவாக்கத் தொடங்கி, அவளுக்கு உயிர் வருமுன்னே கிழித்தெறியும் இடத்தைத் திரும்பவும் படியுங்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால் மனித குலம் என்னாகும் என்ற அவனது அச்சத்தையே பெரும்பாலும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முன்பே அவன் மனதில் எழும் ஐயம்தான் என்னை உறுத்துகிறது: அவள் சிந்திக்கும் உயிராக எழுந்து, தான் பிறக்கும் முன்பே மற்றவர்கள் செய்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட மறுத்துவிட்டால்? கண்ணே திறக்காத ஒருத்தி ‘மாட்டேன்’ என்று சொல்லிவிடுவாளோ என்று கற்றறிந்த ஓர் ஆண் நடுங்குகிறான். இதைப் பெண்ணின் பலவீனம் என்று எப்படி எழுதுவது?

அதற்காக நாவலை முழுதாக விடுவித்துவிடவும் வேண்டாம். கிழிக்கப்பட்டவள் கிழிக்கப்பட்டவளே, விக்டர் வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் செய்யாத கொலைக்குத் தூக்கிலிடப்படுகிறாள், விக்டரை மணந்த எலிசபெத் மணநாளிரவில் கொல்லப்படுகிறாள். ஆணின் அச்சத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்ட ஆசிரியர், அந்த அச்சத்துக்கு ஆளானவளைப் பேச விடவில்லை. இதை அந்த நூலின் குறையாகவே நான் கொள்கிறேன். நீங்கள் மறுக்கலாம், காரணத்தோடு மறுத்தால் அதுவும் மதிப்பீடுதான். இப்போதைக்கு, முடிவுரையிலுள்ள ‘ஆகவே’யை வெட்டிவிட்டு, அந்தக் கிழிப்புக் காட்சியிலிருந்து கட்டுரையைத் தொடங்கிப் பாருங்கள்.