வாசச் செடிக்கு எந்த இடம்? – தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வரிசைத் தரைவீடு எங்களுடையது. மேற்குப் பார்த்த வாசல். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி 4 மீட்டருக்கு 2 மீட்டர் மண் இருக்கிறது. மாலையில் வெளியே உட்காரும்போது மணம் வர வேண்டும். மல்லிகை நல்லதா, கெமுனிங் (மணமுள்ள வெள்ளைப்பூப் புதர்ச்செடி) நல்லதா? எந்த மூலையில் நடலாம்?

பதில்: மாலை மணத்துக்கு மல்லிகையே சரி. மொட்டு விரிவதே அந்தியில்தான். கெமுனிங், சில நாள் காய்ந்து பிறகு நல்ல மழை பெய்தால் ஒரேயடியாகப் பூத்துக் கொட்டும், அதோடு ஓய்ந்துவிடும். அதை வேலிபோல அடிக்கடி கத்தரித்தால் அந்தப் பூவும் போய்விடும். பூ வருவது கிளை நுனியில். விட்டுவிட்டால் 3 மீட்டருக்கு மேல் வளரும். உங்கள் இடத்துக்கு அது பெரிது.

மேற்கு வாசலில் மதியத்திலிருந்து ஆறு மணிவரை வெயில் கிடைக்கும். மல்லிகைக்கு 5, 6 மணி நேர நேரடி வெயில் போதும். ஆனால் கார் நிற்கும் தரையின் ஓடுகள் சூட்டைத் திருப்பி அடிக்கும். ஓட்டு விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நடுங்கள். ஏர்கான் வெளிப்பெட்டியின் சூடான காற்று படும் இடமாக இருந்தால் வேண்டவே வேண்டாம், மொட்டுகள் விரியாமலே காய்ந்து உதிரும். கூரைக்கு அடியிலும் நடாதீர்கள். ஊரெல்லாம் மழை கொட்டினாலும் அங்கே மண் காய்ந்தே இருக்கும். கூரை நீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே நட்டாலோ, வேர்மண் அரித்துப் போகும். அந்தக் கோட்டுக்கு 60 செ.மீ. வெளியே வையுங்கள்.

அடுத்தது வடிகால். இதைப் பார்க்காமல் நடுவதால்தான் தரைவீட்டுத் தோட்டங்களில் பல மல்லிகைகள் சாகின்றன. வீடு கட்டும்போது கொட்டி இறுக்கிய களிமண் மேல்மண்ணுக்கு அடியில் அப்படியே இருக்கும். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஓர் அடிக்கோலைச் செருகி, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் கவலையில்லை. அதற்குக் குறைவென்றால் 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். களிமண்ணில் குழி வெட்டி அதற்குள் மட்டும் நல்ல உரமண்ணை நிரப்புவது தவறு. சுற்றிலும் வடியாததால் அது நீர் தேங்கும் வாளியாகிவிடும். காற்றில்லாமல் வேர் அழுகும்போது இலை துவண்டு மஞ்சளாகும். தாகம் என்று நினைத்து இன்னும் நீர் ஊற்றுவார்கள், செடி போய்விடும்.

நடும் குழி வேர்க்கட்டியைப்போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டி அளவே. தண்டின் அடி தரைக்கு 2 செ.மீ. மேலே நிற்க வேண்டும்.

மூலையைத் தேர்ந்தெடுக்க எளிய வழி உண்டு. இரண்டு மூன்று நாள் மாலை ஏழு, எட்டு மணிக்கு நினைத்த இடத்தில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். புகை உங்கள் பக்கம் வருகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு சுவர் சேரும் மூலையில் காற்று அடங்கும், மணம் தங்கும். ஆண்டின் தொடக்கத்தில் வடகிழக்குக் காற்று, ஜூனிலிருந்து தெற்குப் பக்கக் காற்று என்று மாறுவதால், நாற்காலிக்கு 2 மீட்டருக்குள் செடி இருப்பதே நம்பகமானது.

கேள்வி: செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் மல்லிகைத் தொட்டி வைத்திருக்கிறேன். ஜூனில் பூக்கிறது, டிசம்பரில் ஒரு பூ இல்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தின்மேல் பழி போடாதீர்கள். தழைச்சத்து இன்னும் கொடுத்தால் இலைதான் பெருகும். குறைவது வெயில். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. ஆக உங்கள் தாழ்வாரத்துக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட்வரை காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வரும், அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை நேரடி வெயில் கிட்டத்தட்ட இல்லை. போதாக்குறைக்கு அதில் நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழையும் மேகமும் மிகுந்த காலம்.

வீட்டின் மறுபக்கம் தெற்குச் சன்னல் இருந்தால் செப்டம்பர் இறுதியில் தொட்டியை அங்கே உள்பக்கமாக மாற்றுங்கள்; மார்ச் இறுதியில் திரும்பக் கொண்டுவாருங்கள். மாற்றும்போது கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். சன்னலுக்கு வெளியேயும் தாழ்வாரக் கைப்பிடிச் சுவர்மேலும் தொட்டி வைக்கக் கூடாது, விழுந்தால் உயிர்ச்சேதம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும், தட்டையே எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: புதிதாகப் பூசிய சுற்றுச்சுவரை ஒட்டி கார்டேனியா நட்டோம். இளம் இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஏன்?

பதில்: சுவரின் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்குகிறது. கார்டேனியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும். மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியாது. சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி மாற்றி நடுங்கள், அல்லது தொட்டிக்கு மாற்றுங்கள். செலேட் வடிவ (வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும்) இரும்புச்சத்தை உறையில் சொன்ன அளவில் கொடுத்தால் புது இலை பச்சையாக வரும்; பழைய இலை தேறாது. நம் வெப்பமான இரவுகளில் கார்டேனியா தாராளமாகப் பூக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அரைநிழலில் சிரமமில்லாத வெள்ளைப்பூ வேண்டுமென்றால் ஒற்றை நந்தியாவட்டை வையுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் படுக்கும் அறைச் சன்னலுக்குக் கீழே இரவு ராணி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் மணம் இரவு முழுக்க அறைக்குள் நிறையும்; பலருக்குத் தலைவலி வரும். செடி முழுவதும் நச்சு, சிறு வெண்காய்களும் அப்படியே. இடமிருந்தால் வீட்டிலிருந்து 6, 7 மீட்டர் தள்ளி, பிள்ளைகள் விளையாடாத பக்கம் வையுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) மரத்துக்குப் பக்கத்தில் கெமுனிங் வேலி போடலாமா?

பதில்: கூடாது. இரண்டும் ஒரே குடும்பம். எலுமிச்சை இனத்தில் ‘பச்சையாகும் நோயை’ப் பரப்பும் சிறு சாறுறிஞ்சிப் பூச்சி கெமுனிங் துளிரில் பெருகும். அந்த நோய்க்கு மருந்து இல்லை, மரத்தை வெட்டித்தான் எறிய வேண்டும். கறிவேப்பிலையிலும் இதே பூச்சி வரும், அதன் துளிரையும் அடிக்கடி திருப்பிப் பாருங்கள்.