குருவிச் சட்டியைக் கடைசியாக என்றைக்குக் கழுவினீர்கள்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக மண்டபம், கீழக்கரை, திருப்புல்லாணி என்று முப்பது வருடம் சுற்றிவிட்டு, இப்போது உச்சிப்புளியில் பனங்காட்டு ஓரம் உட்கார்ந்திருக்கிறேன். படித்தது ஆடு, மாடு, கோழிக்கு. குருவியும் புறாவும் வீட்டு முற்றத்தில் கற்றுக்கொண்டது. வெயில் ஏற ஏற, வாசலில் தண்ணீரும் தானியமும் வைப்பவர்கள் நம் பக்கம் கூடிவிட்டார்கள், கேள்விகளும் கூடிவிட்டன. தினமும் தண்ணீரை மாற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதைக் கேட்டு வந்த கேள்விகளும் உண்டு. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, மாடியில் கம்பும் தண்ணீரும் வைக்கிறேன். நாலு நாளாக ஒரு புறா உடம்பை உப்பிக்கொண்டு சட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தானியத்தைக் கொத்துகிறது, விழுங்க முடியாமல் கீழே விட்டுவிடுகிறது. வாயோரம் ஈரம். யாராவது விஷம் வைத்திருப்பார்களோ?

விஷமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். விஷம் தின்ற பறவை நாலு நாள் சட்டி ஓரம் உட்கார்ந்திருப்பது அபூர்வம். நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் தொண்டை நோய்க்குப் பொருந்துகிறது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி புறாவின் வாயிலும் தொண்டையிலும் மஞ்சளாக, பாலாடைக்கட்டி மாதிரி படியும். பசி இருக்கும், இரை இறங்காது. கொத்தியதைத் திரும்பத் துப்பும். துப்பியதை அடுத்த புறா பொறுக்கும், எச்சில் விழுந்த தண்ணீரை அதற்கடுத்தது குடிக்கும். தாய்ப்புறா தன் தொண்டைப் பையில் சுரந்து ஊட்டும் பாலிலேயே குஞ்சுக்கும் போய்விடும். நோயுள்ள புறாவை அடித்துத் தின்னும் வல்லூறுக்கும் வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட என் முட்டாள்தனத்தில் கற்றதுதான் அதிகம். சில வருடம் முன்பு மாட்டுத் தொட்டி ஒன்றைப் பாதியாக உடைத்து வேப்பமரத்தடியில் போட்டு, வாரம் ஒருமுறை நிரப்பி வைத்தேன். கள்ளிப்புறாக்கள் கூட்டமாக வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். சித்திரையில் ஒவ்வொன்றாக வேலியோரம் விழுந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பூனையைத்தான் திட்டினேன். அப்புறம் ஒன்றின் அலகைத் திறந்து பார்த்தபோது தொண்டை முழுக்க மஞ்சள். ஊருக்கெல்லாம் கோழித் தொட்டியைக் கழுவச் சொன்ன ஆள் நான்.

இங்கிலாந்தில் 2005 வாக்கில் இதே நோய் தோட்டத்துத் தீவனத் தட்டுகளுக்கு வரும் பச்சை நிறச் சிறு குருவி ஒன்றுக்குத் தாவி, சில வருடங்களிலேயே அதன் எண்ணிக்கையைச் சரித்துவிட்டது. பாசத்தோடு வைத்த தட்டுதான் வழி.

நீங்கள் செய்ய வேண்டியது: இன்றே தானியத்தையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். சிந்திக் கிடப்பதைக் கூட்டி, குழியில் போட்டு மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு எதுவும் வைக்க வேண்டாம். அந்தப் புறாவைப் பிடித்து மருந்து புகட்டப் பார்க்காதீர்கள். அது ஓடும், பறக்கும், நோயை இன்னொரு மாடிக்குக் கொண்டுபோகும். இந்தக் கிருமியிடம் ஒரு நல்ல குணம், காய்ந்தால் செத்துவிடும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

பாம்பனிலிருந்து: சார், தினமும் தண்ணீரை மாற்று என்கிறீர்கள். எங்களுக்குக் குடிதண்ணீரே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. அதைக் கீழே கொட்ட மனசு வருமா?

நியாயமான கோபம். இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் நம் ஊரில் எதையும் பேச முடியும். கொட்ட வேண்டாம், முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுங்கள். அடுத்து, சட்டியைச் சின்னதாக்குங்கள். அகலமான தொட்டி நமக்குத்தான் அழகு. குருவிக்கு இரண்டு விரல்கடை ஆழமுள்ள மண் தட்டு போதும், அரை லிட்டர் பிடிக்காது. மூன்று சின்னத் தட்டுகளை மூன்று இடத்தில் வைத்தால் கூட்டமும் பிரியும். இன்னொன்று, குடிக்கத்தான் நல்ல தண்ணீர். தட்டைத் தேய்க்க உப்புக் கிணற்றுத் தண்ணீரே போதும், கடைசியில் ஒரு கை நல்ல தண்ணீர் விட்டு அலசினால் சரி.

தினமும் தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேயுங்கள். வழவழப்பு போக வேண்டும், அதில்தான் கிருமி குடியிருக்கும். கொசு முட்டையும் ஓரத்தில்தான் ஒட்டும். வெறுமனே தண்ணீரை மாற்றினால் முட்டை தட்டிலேயே தங்கிவிடும், டெங்குவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

வாரம் ஒருமுறை பிளீச்சிங். ஊராட்சி தண்ணீர்த் தொட்டியில் போடுகிற பவுடர்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பெரிய கரண்டியில் தலைதட்டி ஒன்று. பாட்டிலில் விற்கும் திரவம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் இதில் ஊற வைக்க வேண்டும். எச்சம் ஒட்டியிருக்கும் தட்டில் பிளீச்சிங்கின் வீரியம் எச்சத்தோடேயே தீர்ந்துவிடும். பத்து நிமிடம் ஊறட்டும், வாசனை போகும்வரை அலசி, வெயிலில் கவிழ்க்காமல் மல்லாத்திக் காய விடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் இதைக் கலக்கவே கூடாது, கிளம்பும் வாயு நெஞ்சைப் பிடித்துவிடும். இரண்டு செட் தட்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றது வேலை பார்க்கும்.

பாம்பனிலிருந்தே இன்னொருவர்: தண்ணீரில் மஞ்சள்தூள் போடலாமா? மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்து வைப்பதாக என் மச்சான் சொல்கிறான்.

மஞ்சள் குழம்புக்கு. மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எந்தப் பறவை எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? தொண்டை நோய்க்குப் பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் வேலையும் செய்யாது.

கீழக்கரையிலிருந்து: காக்கா, வீட்டில் மிஞ்சின சோறைத்தான் சுவரில் வைக்கிறோம். ஒரு காகத்துக்குக் கண்ணோரமும் காலிலும் மரு மாதிரி கட்டி. பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான். காக்காவிடமே காக்காவைப் பற்றிக் கேள்வி!

அது பெரும்பாலும் பறவை அம்மை. இறகில்லாத இடத்தில், கண், அலகு, கால் பக்கம் பொருக்காக வரும். கொசுக்கடியில் பரவும், நோயுள்ள பறவை உரசிய இடத்தில் இன்னொன்று உரசினாலும் பரவும். மனிதருக்கு வராது. நிறையப் பறவைகள் சில வாரத்தில் தேறிவிடும், கண் மூடிப்போனது மட்டும் இரை தேட முடியாமல் மெலியும். சுவரைத் தேய்த்துக் கழுவி, பத்துப் பதினைந்து நாள் சோறு வைக்காமல் இருங்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், அம்மையைவிட சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குத்தான் பயப்பட வேண்டும். எச்சத்தில் இருக்கும், குருவியைக் கொல்லும், மனிதருக்கும் வயிற்றோட்டம் கொடுக்கும். தட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். சட்டி கழுவுவது சமையல்கட்டுத் தொட்டியில் வேண்டாம். காய்ந்த புறா எச்சத்தை அப்படியே பெருக்காமல் தண்ணீர் தெளித்துவிட்டு, முகத்தில் துணி கட்டிப் பெருக்குங்கள். தூசியாகப் போனால் கிளிக்காய்ச்சல் கிருமி மூச்சில் ஏறலாம், பெயரில்தான் கிளி, புறாவிடமும் அது உண்டு.

மிஞ்சின சோறு என்றால் காகம் தின்று முடிக்கும் அளவு மட்டும். நம் கடற்கரைக் காற்றில் ஈரமான எதுவும் சாயங்காலத்துக்குள் புளித்து, மறுநாள் பூஞ்சை கட்டும். பூசணம் பிடித்த தானியம் பறவையின் நுரையீரலைத் தின்றுவிடும். கம்பு, தினை வாங்கினால் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், கட்டி தட்டியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

சாயல்குடியிலிருந்து: கோழிக்குப் போடும் தீனியைச் சிட்டுக்குருவியும் மைனாவும் வந்து தின்கின்றன. விரட்டவா, விடவா?

விரட்ட வேண்டாம், இடத்தைப் பிரியுங்கள். கோழித் தீனியைக் கூண்டுக்குள்ளோ வலை போட்ட இடத்திலோ போடுங்கள். குருவித் தட்டு வீட்டின் மறுபக்கம். வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட் நோய் கோழியிடமிருந்து புறாவுக்கும் புறாவிடமிருந்து கோழிக்கும் போகக்கூடியது. கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமடிக்கும் புறாவைப் பார்த்தால் அதுவாக இருக்கலாம். கோழிக்குஞ்சுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசியாக முதல் வாரம் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி, இதைத் தவறவிடாதீர்கள். வாத்தும் வளர்க்கிறீர்கள் என்றால் கண்மாயில் மேயவிட்டு அப்படியே கோழியோடு அடைக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் முதலில் தங்குவது நீர்ப்பறவைகளிடம்தான்.

தேவிபட்டினத்திலிருந்து: பதினைந்து நாள் நிறுத்து என்கிறீர்களே ஐயா, நம்பி வருகிற உயிரைப் பட்டினி போடுவது பாவமில்லையா?

உங்கள் தட்டு அதற்குப் பல வீடுகளில் ஒன்று. உடைமரக் காடு, வரப்பு, கருவாடு காயும் களம் எல்லாம் சுற்றித்தான் அது உங்களிடம் வருகிறது. தட்டில்லை என்றால் கூட்டம் கலையும், அதுதான் நமக்கு வேண்டும். கோடையில் தண்ணீரை நிறுத்துவதுதான் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். நோய்ப் பறவை எதுவும் கண்ணில் படாதவரை தானியத்தைக் குறைத்துத் தண்ணீரை விடாமல் வையுங்கள். முன்பு வாசலில் நெற்கதிரைக் குஞ்சம் கட்டித் தொங்கவிடுவோமே, அது நல்ல வழி. தொங்கும் கதிரில் எச்சம் விழாது, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று குருவிதான் தொற்ற முடியும்.

தொண்டியிலிருந்து: ஊரணிக் கரையில் கொக்கும் நாரையுமாக ஆறேழு செத்துக் கிடக்கின்றன. குழி தோண்டிப் புதைத்துவிடலாமா?

தொடாதீர்கள், புதைக்கவும் வேண்டாம். ஒரே ஒரு குருவி என்றால் கையில் பிளாஸ்டிக் பையை உறையாக மாட்டி எடுத்து, ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவி மூடலாம். ஒரே இடத்தில் இத்தனை என்றால் சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் போடுங்கள். வனத்துறைக்கும் தகவல் போகட்டும். ஆடு மாடு, நாய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022லும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025லும் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலுக்குள் வந்த மாவட்டம் இது. வலசை வரும் பறவைகள் ஊரணிக்கும் கண்மாய்க்கும் மாறி மாறி இறங்கும். ஓர் ஊரணியில் செத்ததை மறைத்தால் அடுத்த கண்மாய்க்குத் தெரியாமல் போகும்.

தங்கச்சிமடத்திலிருந்து மீண்டும்: அண்ணே, அந்தப் புறா இன்று காலை செத்துவிட்டது. குழியில் போட்டு மூடிவிட்டேன். சட்டியை உடைத்துவிடவா? அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உடைக்க வேண்டாம். விரிசல் விட்டிருந்தால் மட்டும் செடி வைத்துக்கொள்ளுங்கள், விரிசலுக்குள் நார் போகாது. நல்ல சட்டி என்றால் மேலே சொன்னபடி தேய்த்து, ஊற வைத்து, இரண்டு வாரமும் மொட்டைமாடி வெயிலிலேயே கிடக்கட்டும். உங்கள் பக்கத்துக் கச்சான் காற்றுக்குச் சட்டி உருளும், உள்ளே ஒரு செங்கலை வைத்துவிடுங்கள்.