உப்புக்காற்றில் கிடந்த பழைய சிங்கர் தையல் இயந்திரத்தை அடையாளம் கண்டு மீண்டும் ஓட வைப்பது எப்படி?

தங்கச்சிமடத்தில் நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தபோது அம்மாச்சியின் கால்மிதி தையல் இயந்திரம் கிடைத்தது என்றும், அதன் சக்கரம் அசைய மறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த ஆண்டினது என்று அறிவது எப்படி, கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதிதாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மண்டபத்தில் வசிக்கிறேன். எங்கள் அப்பத்தாவின் இயந்திரத்தையும், அதன் பிறகு உறவினர் வீடுகளிலிருந்து வந்த நான்கு இயந்திரங்களையும் என் கையால் பிரித்துச் சுத்தம் செய்து ஓட வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள் என்பதுதான். நம் கரையில் இத்தகைய இயந்திரத்துக்கு முதல் தேவை அழகு அன்று. அதன் மேல் படிந்திருக்கும் உப்பை அகற்றுவதே.

மதுரையில் ஐம்பது ஆண்டு சும்மா கிடந்த இயந்திரமும் பாம்பன் தீவில் ஐம்பது ஆண்டு கிடந்த இயந்திரமும் ஒன்றல்ல. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே கூரை ஒழுகாத வீட்டுக்குள் இருந்தாலும், இரும்பின் மேல் ஒவ்வோர் இரவும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று உருவாகி, பகலில் உலர்ந்து, மறுநாள் மீண்டும் உருவாகிறது. இந்த உப்பு உள்ளே இருக்கும்போதே மேலே பெயின்ட் அடித்தால் துரு பூச்சுக்கு அடியில் தன் வேலையைத் தொடரும். ஓர் ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் கடப்பதற்குள் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டு எழும்பும்.

இனி, இயந்திரத்தின் வயதைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் கால்மிதிச் சட்டத்தின் வார்ப்பில் சிங்கர் என்ற எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் சட்டத்தையும், மேசை மேல் அமரும் தையல் பகுதியான தலையையும் மாற்றிப் பொருத்துவது எங்கும் நடந்த வழக்கம் என்பதால், தலையைத்தான் நம்ப வேண்டும். இயந்திரத்தின் தளத்தில் வலப்பக்கத் தூணின் அடியைத் துணியால் மெல்லத் துடைத்தால் ஒரு வரிசை எண் தெரியும். அதில் எழுத்தே இல்லாமல் இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 1900க்கு முற்பட்டது. எழுத்து இருந்தால் அது செய்த ஆலையையும் சொல்லிவிடும். எஃப், ஒய் என்ற எழுத்துகள் ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் நகரிலிருந்த கில்போவி ஆலைக்கு உரியவை; ஜி என்பது அமெரிக்காவின் நியூஜெர்சியில் எலிசபெத் நகரிலிருந்த ஆலைக்கு உரியது. ஒய் வரிசை 1920களிலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை ஓடியது. அதன் பிறகு இ என்ற எழுத்தோடு இன்னோர் எழுத்தும் சேர்ந்த வரிசைகள் கில்போவியில் தொடங்கின. மாதிரி எண்ணுக்குப் பின்னால் வரும் கே என்ற எழுத்தும் அந்த ஆலையையே குறிக்கும். 1885இல் திறந்த கில்போவி ஆலை 1980இல் மூடப்பட்டது. நான் இந்தக் கரையில் பார்த்த பழைய தலைகள் அத்தனையும் அங்கே பிறந்தவையே.

இந்த எண் ஆலையில் ஒதுக்கப்பட்ட காலத்தைத்தான் காட்டும். கடையில் விற்ற நாளைக் காட்டாது. ஆயினும் வீட்டில் வழங்கும் கதையைச் சரிபார்க்க இதைவிட நல்ல சான்று இல்லை. எங்கள் இயந்திரம் அப்பத்தாவின் திருமணத்துக்காக 1931இல் கொழும்பில் வாங்கப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடந்து வந்தது என்றே நான் சிறுவயது முதல் கேட்டிருந்தேன். 1914 முதல் 1964 புயல் வரை அந்த ரயிலும் கப்பலும் ஓடியதால் அதில் ஐயப்பட எனக்குக் காரணம் இருக்கவில்லை. ஆனால் எண் இ, பி (EB) என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கியது. அப்படியானால் அது 1930களின் பிற்பாதியைச் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய அத்தையிடம் கேட்டபோதுதான், திருமணத்துக்கு வந்தது ஒரு கை மெஷின் என்பதும், கஷ்டகாலம் ஒன்றில் அதை விற்றுவிட்டு, பின்னர் தாத்தா வாங்கி வந்த இரண்டாவது இயந்திரமே இது என்பதும் தெரிந்தன. அந்த முதல் இயந்திரத்தைப் பற்றி அதற்கு முன் யாரும் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. உங்கள் அம்மாச்சியோடு பழகிய பெரியவர்கள் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு சென்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

வகையை அறிய, ஊசிக்கு அருகிலுள்ள தகட்டை நகர்த்திப் பாருங்கள். உள்ளே கீழ்நூலைக் கொண்டு செல்லும் படகு போன்ற நீண்ட சட்டிலும், இரு முனையிலும் தட்டையான வட்டம் உள்ள குச்சி போன்ற பாபினும் இருந்தால் அது 27, 28, 127, 128 ஆகிய மாதிரிகளுள் ஒன்று. இவற்றில் ஊசியின் தட்டையான பக்கம் வலப்புறம் இருக்க வேண்டும், நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். வட்டமான பாபினும் இடப்பக்கத்திலிருந்து செருகும் பாபின் கேஸும் இருந்தால் அது பெரும்பாலும் 15ஆம் மாதிரி. இதில் தட்டைப் பக்கம் இடப்புறம், நூல் வலமிருந்து இடம். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு இயந்திரம் தையல் போடவில்லை என்று மூலையில் தள்ளியவர்களை நான் அறிவேன். இன்று தையல் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே இந்த இரு வகைக்கும் பொருந்தும். 15க்கு உரிய பாபினும் கேஸும் இராமநாதபுரத்திலேயே கிடைக்கும். படகுச் சட்டில் தொலைந்திருந்தால் மட்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே மேசையின் இழுப்பறைகளைக் கொட்டிவிடாமல், ஒவ்வொரு சிறு துண்டையும் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள்.

வெளிப்புறத்தைச் சுத்தம் செய்வதில்தான் மீட்க முடியாத தவறு நேரும். கறுப்புப் பரப்பில் உள்ள பொன்னிறப் பூவேலை வர்ணம் தீட்டியதன்று. ஒட்டுப்படமாக ஒட்டி, அதன் மேல் அவலரக்குப் (ஷெல்லாக்) பூச்சுக் கொடுத்தது. தச்சர்கள் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தே பாலிஷ் போடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்திருந்தால், நான் முதலில் சுத்தம் செய்த இயந்திரத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்திருக்க மாட்டேன். அதன் தளத்தில் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட எகிப்தியச் சித்திரம் இருந்தது. இரண்டே தேய்ப்பில் ஒரு முகம் பஞ்சோடு வந்துவிட்டது. இன்றும் அந்த வெற்றுக் கறுப்பைப் பார்க்க மனம் வலிக்கிறது. தின்னர், ஸ்பிரிட், சோப்பு நீர், பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய பருத்தித் துணியில் நனைத்து, அழுத்தாமல், பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தால் பழுப்பு அழுக்கு தானே கழன்று வரும். அப்பத்தாவின் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பூவேலை தேய்ந்துபோன இடத்தை நான் அப்படியே விட்டிருக்கிறேன். அதை மூடுவதற்கு எந்தப் பெயின்டுக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அசையாத சக்கரத்தை ஒருபோதும் பலத்தால் திருப்பாதீர்கள். பெரும்பாலான இயந்திரங்களில் இரும்பு ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. நம் வீடுகளில் மெஷின் எண்ணெய்க்குப் பதில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் காலப்போக்கில் கெட்டு, தூசியோடும் பஞ்சோடும் சேர்ந்து பிசினாக இறுகியிருக்கும். முதலில் ஊசியையும் பாபினையும் சட்டிலையும் எடுத்துவிட்டு, சக்கரத்தின் பின்புறத் தண்டிலும் அடியிலுள்ள பற்களிலும் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும், உலோகமும் உலோகமும் உரசும் ஒவ்வோர் இடத்திலும் மண்ணெண்ணெய் சொட்டுகள் விட்டு ஊற விடுங்கள். பூவேலையில் அது வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் சக்கரத்தை இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். எங்கள் இயந்திரம் பதினேழாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது; மறுநாள் முழுச் சுற்று வந்தது. மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்குமே தவிர உராய்வைக் காக்காது; எனவே அசைந்தவுடன் அதைத் துடைத்து உலர்த்தி, எல்லா இடத்திலும் மெஷின் எண்ணெய் விட வேண்டும். சக்கரத்தின் நடுத்திருகைக் கழற்றினால் மூன்று காதுகள் உள்ள ஒரு வாஷர் வரும். அது இருந்த திசையைப் படம் எடுத்து வையுங்கள். திருப்பி மாட்டினால், பாபின் சுற்றும்போது ஊசி நிற்காமல் போகலாம். திருகுகள் உள்ளூர்க் கடைத் திருகுகளோடு பொருந்தாத புரிகள் கொண்டவை. ஆகையால் பள்ளத்தை முழுதும் நிரப்பும் ஸ்க்ரூ டிரைவரையே பயன்படுத்துங்கள்.

துருப் பிடித்த சிறு பாகங்களை, பூச்சு இல்லாத இரும்பாக இருந்தால் மட்டும், கழற்றி நீரில் ஊறவைத்து உப்பை இறக்கலாம். இங்கே நம் கிணற்றுநீரைப் பயன்படுத்தினால் எடுக்க வந்த உப்பையே திரும்ப ஏற்றுகிறோம். பிடித்து வைத்த மழைநீர் அல்லது கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. இரண்டு மூன்று முறை நீரை மாற்றி அலசி, உடனே துடைத்து, பங்குனி வெயிலில் சூடேறும்வரை வைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவிவிடுங்கள். புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். பித்தளை முத்திரைத் தகட்டைக் கழற்றி அப்படித் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் நிக்கல் முலாம் உரிந்துள்ள முகத்தகட்டிலும் சக்கர விளிம்பிலும் அந்தப் புளிப்பு முலாமுக்கு அடியில் புகுந்து இரும்பை அரிக்கும்.

கால்மிதிச் சட்டம் வார்ப்பிரும்பு. சுத்தியலால் தட்டினால் உடைந்துவிடும், உடைந்ததை ஒட்டவைப்பது எளிதன்று. இரும்புத் தூரிகையால் துருவை உதிர்த்து, மிதியின் இரு அச்சுகளுக்கும் பெரிய சக்கரத்தின் அச்சுக்கும் எண்ணெய் விட்டு, புதிய தோல் வார் மாட்டினால் போதும். தரை கழுவும் நீர் படாதபடி கால்களுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள்.

இயந்திரம் வெளியே தெரிந்தவுடன் விலை பேச ஆள் வரலாம். பழைய சிங்கரில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்ற வதந்தி 2009இல் சவூதி அரேபியாவில் பரவி, அங்கே மக்கள் பழைய இயந்திரங்களைத் தேடி அலைந்தார்கள். அப்படி ஒரு பொருள் இதில் கிடையாது; உள்ளே இருப்பவை இரும்பும் எஃகும் பித்தளையும்தான். இவை கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை என்பதால் அரும்பொருள் விலையும் கிடைக்காது. அதை நம்பி யாரும் ஊசிக்கம்பியை அறுத்துப் பார்க்க விடாதீர்கள்.

ஓடத் தொடங்கியதும் நூல் இல்லாமல், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து, நாளைக்குப் பத்து நிமிடம் மிதித்துப் பழக்குங்கள். வெளிவரும் கறுத்த எண்ணெயைத் துடைத்துப் புதிது விடுங்கள். பின்னர் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டுத் தைத்துப் பாருங்கள். துணியின் அடியில் சிவப்புத் தெரிந்தால் மேல்நூல் தளர்வாக இருக்கிறது. மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே சிக்கியிருக்கும் பழைய நூல் துணுக்கைத் துணி முனையால் எடுத்துவிட்டு, திருகைச் சிறிது இறுக்குங்கள். மேற்பக்கம் வெள்ளை தெரிந்தால் அதைத் தளர்த்துங்கள். இரண்டு நூலும் துணியின் நடுவில் முடிச்சிட்டு, ஒவ்வொரு பக்கமும் ஒரே நிறம் தெரியும்போது, அதன் வரிசை எண்ணை இங்கே எழுதுங்கள். எழுத்தைப் பார்த்து எந்தக் காலத்தது என்று நான் சொல்கிறேன்.