பயணக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அக்கா. டிசம்பர் ஸ்கூல் லீவில் டர்பனிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு போகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், இன்னும் இரண்டு வயது நிறையாத மகள், எழுபதைத் தாண்டிய மாமியார். பழனிக்குப் போக வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஜோஹன்னஸ்பர்க் போய், அங்கிருந்து நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போனால் நிறைய மிச்சம் என்கிறார் என் கொழுந்தனார். அந்த டிக்கெட்டை வாங்கிவிடலாமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த டிக்கெட்டுக்கே சொன்னது போல இருக்கிறது.

கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அந்த வழியாக வருகிறவர்களிடம் இந்தியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகாமல் விமானம் மாறுகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாதவரை 6 நாள் வரை தனியே வைத்திருக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கைக்குழந்தையோடும் வயதானவரோடும் போய் அந்த மேஜை முன்னால் நின்று வாதாட வேண்டுமா?

சரி, ஊசியைப் போட்டுக்கொண்டே போகலாம் என்றால், உங்கள் மகள் உட்பட ஐந்து பேருக்கும் போட வேண்டும். பயண மருத்துவக் கிளினிக்குக்கு ஐந்து பேருக்கும் பணம் கட்ட வேண்டும். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போடுவதென்றால் டாக்டர்களே தயங்குவார்கள், பக்கவிளைவு அபாயம் கூடுதல். டிக்கெட்டில் கொஞ்சம் ராண்ட் மிச்சம் பிடிப்பதற்காக மாமியாரின் உடம்பைப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

டர்பன்–ஜோஹன்னஸ்பர்க் டிக்கெட்டைத் தனியாக வாங்குவதிலும் சிக்கல் உண்டு. உள்நாட்டு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பெட்டிகளை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். உள்நாட்டில் பெட்டிக்கு அனுமதிக்கும் எடையும் பெரும்பாலும் குறைவு, மிஞ்சும் கிலோவுக்குத் தனிக்காசு. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் உறவுக்காரர் வீட்டில் முதல் நாள் இரவு தங்க முடியுமென்றால் மட்டும் இதை யோசியுங்கள். இல்லாவிட்டால் டர்பனின் கிங் ஷாக்கா ஏர்போர்ட்டிலிருந்தே ஏறுங்கள். எமிரேட்ஸ் நேராகத் துபாய்க்குப் போகிறது. அங்கே மாறி சென்னை வரை ஒரே டிக்கெட், பெட்டி சென்னையில்தான் கையில் வரும்.

இனி அந்த டிக்கெட்டை எப்படி மலிவாக வாங்குவது என்பதற்கு வருகிறேன். நான் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த காலத்தில் என் திரையில் விலை முதலில் வராது. ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டண வகை, எண் அதில் மிச்சமுள்ள சீட். 9-க்கு மேல் எத்தனை இருந்தாலும் 9 என்றே காட்டும். இன்றைக்கும் உள்ளே நடப்பது அதுதான்.

உங்களுக்கு நான்கு சீட் வேண்டும், மகள் மடியில். மலிவான வகையில் மூன்று சீட்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் என்று தேடினால் கம்ப்யூட்டர் நாலு சீட்டுக்கும் அடுத்த வகையின் விலையைப் போட்டுவிடும். மூன்றாவது சீட் வரை மலிவு என்பதையே உங்களுக்குச் சொல்லாது. அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு, மூவருக்கு, கடைசியாக நால்வருக்கு. தலைக்கு விலை எந்த இடத்தில் ஏறுகிறதோ அங்கே பிரித்து வாங்குங்கள். மூன்றில் நின்றால் நீங்கள், மகன், மாமியார் ஒரே புக்கிங்கில், மகள் உங்கள் பெயரோடு. கணவர் தனி டிக்கெட்டில் வரட்டும். வாங்கிய கையோடு விமானக் கம்பெனிக்குப் போன் செய்து இரண்டும் ஒரே குடும்பம் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

மகளின் பிறந்தநாள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம்தான். ஆனால் திரும்பி வருவதற்குள் இரண்டு முடிந்துவிட்டால் வரும்போது அவளுக்குத் தனி சீட் எடுத்தே ஆக வேண்டும். பிறந்தநாள் ஓரிரு நாள் வித்தியாசத்தில் விழுகிறது என்றால் தேதியை அதற்கேற்ப நகர்த்துங்கள். நீங்கள் கேட்டதில் பெரிய மிச்சம் இதில்தான் இருக்கலாம்.

தேதிகளை ஒப்பிட கூகுள் ஃப்ளைட்ஸ் நல்லது, எந்த நாளில் குறைவு என்று மாதத்தையே விரித்துக் காட்டும். வாங்குவது மட்டும் விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில். இடையில் ஒரு தளம் இருந்தால், நேரம் மாறும்போது இருவரும் உங்களை மாற்றி மாற்றி அனுப்புவார்கள்.

கேள்வி: போன முறை சென்னையில் ஆன்லைனில் மலிவாக ஒரு லாட்ஜ் பிடித்தேன். விடியற்காலை மூன்று மணிக்குப் போய் நின்றால், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரருக்கு ரூம் இல்லை என்றார்கள். தமிழில்தான் பேசினேன், அப்படியும் இல்லை. ஏன் இப்படி?
— வாசகர், பீனிக்ஸ்

பதில்: அந்த நேரத்தில் தெருவில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்காரரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், 'சி' படிவம் என்று சொல்வார்கள். பல சிறிய லாட்ஜுகள் அந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை, நம் முகமும் மொழியும் அங்கே கணக்கில் வராது. ரூம் போடுவதற்கு முன் லாட்ஜுக்கே போன் செய்து, "தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று கேளுங்கள்.

அதே போனில் செக்-அவுட் 24 மணி நேரமா என்றும் கேளுங்கள். வளைகுடா வழியாக வரும் விமானங்கள் பல விடியலுக்கு முன் இறங்குகின்றன. மதியம் 12 மணிக்குத்தான் ரூம் என்னும் ஹோட்டலில் காலை மூன்று மணிக்கு நுழைந்தால் முந்தின இரவுக்கும் வாடகை கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் நிறைய லாட்ஜுகளில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்துதான் நாள் தொடங்கும். ஒரு நாள் வாடகை அப்படியே மிச்சம்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. 7,600 ரூபாய் ரூமுக்கும் 7,400 ரூபாய் ரூமுக்கும் பில்லில் வரும் வித்தியாசம் 200 ரூபாய் அல்ல, ஆயிரத்துக்கும் மேல். டிசம்பரில் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இசைக் கச்சேரி சீசன் வேறு. கச்சேரி கேட்கப் போகவில்லை என்றால் வேறு பகுதியில் தங்குங்கள்.

கேள்வி: ஹோட்டலில் கார்டு தேய்க்கும்போது ராண்டா, ரூபாயா என்று மெஷின் கேட்கிறது. எதை அழுத்துவது?
— வாசகி, டொங்காட்

பதில்: ரூபாய். ராண்டை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார், அது பெரும்பாலும் உங்கள் பேங்க் தருவதை விட மோசமாக இருக்கும். வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் கார்டு எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று புறப்படும் முன்பே பேங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு கார்டு இருந்தால் குறைவாகப் பிடிப்பதை எடுத்துப் போங்கள்.