இரண்டாங்கட்டில் ஒரு கட்டில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பத்தாவுக்குத் தைராய்டுக்காக மதுரையில் கதிரியக்க அயோடின் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாங்கட்டில் தனிக் கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர். சமையல்கார அம்மா கிட்டே போக மறுக்கிறார். அரசு ஆலோசகர்கள் கூடிக்கூடி ‘அணுவின் அமைதிப் பயன்பாடு’ என்று பேசியதெல்லாம் குண்டுக்குப் போட்ட திரைதானே?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அப்பத்தா. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். அடுத்த எட்டு நாளில் கால்வாசி. தைராய்டில் தங்கியது போக மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். மருத்துவர் சொன்ன நாள்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் விலகியிருந்தால் போதும். சமையல்கார அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு வரலாம்.

திரை என்பதில் பாதி உண்மை. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அணுசக்தி மசோதா வந்தபோது, அமைதிக்கான ஆய்வுக்குமா ரகசியம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அமைதிக்கான ஆய்வையும் குண்டுக்கான ஆய்வையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் நேரு. ஒளிவுமறைவில்லாத பதில்தான். அதே ஆண்டு ஜூலையில்தான் அவர் காரைக்குடிக்கு வந்து மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திருந்தார். ஆகஸ்டில் அணுசக்தி ஆணையம் அமைந்தது. விஞ்ஞானிகள் ஹோமி பாபா, பட்நாகர், நம் வத்திராயிருப்புக் கே.எஸ். கிருஷ்ணன் என்று மூன்றே பேர்.

ஆனால் ஆலோசகர்கள் உண்மையில் மல்லுக்கட்டியது வேறொன்றுக்காக: அப்பத்தாவுக்குக் கொடுத்த அயோடின் போலக் கதிர்வீசித் தேயும் அணுவகைகளை, அதாவது ஐசோடோப்புகளை, யாருக்குக் கொடுப்பது? பர்மாத் தேக்கு கப்பலில் எத்தனை நாள் கிடந்தாலும் தேக்குதான். ஐசோடோப்பு அப்படிப்பட்ட சரக்கல்ல, கொடுக்கத் தயங்கும்போதே கரைகிறது. 1949இல் நார்வேக்குத் இரும்பு-59 ஐசோடோப்பில் ஒரு துளி அனுப்பியதற்கே அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினர் ஸ்ட்ராஸ் கொதித்தார். ஆணையத்தின் ஆலோசனைக் குழுத் தலைவர் ஓப்பன்ஹைமரோ, அணுசக்திக்கு மண்வெட்டியும்தான் பயன்படும், பீர் பாட்டிலும்தான் பயன்படும் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் அவரைக் கேலி செய்தார். ஸ்ட்ராஸ் அதை மறக்கவில்லை. 1954இல் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிபோனபோது ஆணையத்தின் தலைவர் ஸ்ட்ராஸ்.

இங்கே 1956இல் மும்பை டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கிய பிறகுதான் நமக்குச் சொந்தச் சரக்கு. அதற்கு முன்பே இயற்பியலாளர் மேக்நாத் சாகா, ரகசியத்தை விட்டு ஆய்வைப் பல்கலைக்கழகங்களிடம் கொடுங்கள் என்று மக்களவையில் வாதாடினார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. என்றாலும் 2010இல் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகம், கதிர்வீசும் கோபால்ட்-60 உள்ளே இருந்த பழைய கருவியைக் காயலான் கடைக்கு ஏலம் விட்டது. மாயாபுரியில் அதை உடைத்தவர்களில் ஒருவர் இறந்தார். சாகா கட்சிக்காரனான என்னிடம் இதற்குச் சரியான பதில் இல்லை.