பையில கத்தி இருந்தது சார்: பள்ளிச் சண்டைகள் பற்றி ஒரு பி.டி. மாஸ்டரின் பதில்கள்

வடசென்னைப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஆலோசகர் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது, வேலை என்னவோ பழையதுதான்: யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாரிடம் "ஏரியாவுக்கு வா, பாத்துக்கறேன்" என்றான் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிவது. இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பேர் வேண்டாம், ஏரியா போதும்.

ஒன்பதாவது படிக்கிற என் பையன் பையில் பேப்பர் வெட்டும் கத்தி இருந்தது. கேட்டால் "சும்மா, சேஃப்டிக்கு" என்கிறான். மிஸ்ஸிடம் சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, புளியந்தோப்பு)

அம்மா, அவன் சொன்ன அந்த "சேஃப்டிக்கு" என்ற வார்த்தையைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் பசங்க பைகளிலிருந்து நான் எடுத்த காம்பஸ், பிளேடு, சைக்கிள் செயின் இதெல்லாம் அடிக்கக் கிளம்பியவன் கொண்டுவந்ததைவிட, அடி வாங்கி வாங்கி அலுத்துப்போனவன் கொண்டுவந்ததுதான் அதிகம். அதனால் "ஏண்டா வெச்சிருக்க" என்று கேட்காமல் "யாருக்குப் பயந்துடா வெச்சிருக்க" என்று கேளுங்கள், அதையும் அவன் அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, சோறு போட்டுக்கொண்டே கேளுங்கள். ஒரே நாளில் வாய் திறக்க மாட்டான். அதற்குள் நீங்கள் கவனிக்க வேண்டியது: தினமும் இருபது ரூபாய் கேட்கிறானா, வழக்கமான தெருவை விட்டுச் சுற்றி வருகிறானா, திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி என்கிறானா.

கத்தியை எடுத்துவிடுங்கள், எடுத்ததை அவனிடமே சொல்லுங்கள். திருட்டுத்தனமாக எடுத்தால் அடுத்ததை நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் வைப்பான். அப்புறம் நீங்களே வகுப்பு ஆசிரியரிடம் போய், "என் பையனை யாரோ மிரட்டுறாங்க, அதனால இதை வெச்சிருந்தான், நான் எடுத்துட்டேன்" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். முதல் வார்த்தை கத்தியாக இருந்தால் பேச்சு முழுக்கக் கத்தியைப் பற்றியே போகும், மிரட்டியவன் தப்பித்துவிடுவான்.

டி.சி. விஷயம். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் பையன் ஒன்பதாவது, அந்தப் பிரிவு அவனுக்கு உதவாது, பொய்யாகத் தைரியம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அம்மாவே வந்து சொன்ன பையனை வெளியே அனுப்பிய தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை, சோதனையில் மாட்டியவர்களை அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாவது படிக்கிறேன். எங்க கிளாஸ் பசங்க ரெண்டு பேர் வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் சப்வே பக்கத்துல ஒருத்தனை அடிக்கப் போறாங்க. சார்கிட்ட சொன்னா போட்டுக் கொடுத்தவன்னு என்னையும் அடிப்பாங்க. (வியாசர்பாடி)

தம்பி, ஒருத்தன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால்தான் போட்டுக் கொடுப்பது. ஒருத்தன் அடிபடக் கூடாது என்று நீ சொல்வதற்கு அந்தப் பேர் கிடையாது. அதோடு, நீ யார் பேரையும் சொல்லத் தேவையில்லை. "வெள்ளிக்கிழமை, நாலே கால், சப்வே." இவ்வளவு போதும். பி.டி. சாரோ, வாட்ச்மேன் அண்ணனோ, சத்துணவு ஆயாவோ, உனக்கு யாரிடம் வாய் வருமோ அவர்களிடம் தனியாகச் சொல். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொல்லாதே, அங்கே எப்போதும் யாராவது நோட்டு எடுக்க வந்து நிற்பான். பள்ளியில் மாணவர் மனசு பெட்டி, அதாவது பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற பெட்டி, இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை எப்போது திறப்பார்களோ, வெள்ளிக்கிழமை சமாச்சாரத்தை அதில் போடாதே. அம்மா போனிலிருந்து 14417க்குப் பேசலாம், அது பள்ளிக் கல்வித்துறையின் எண். ஆபத்து என்றால் 1098, அது குழந்தைகள் உதவி எண்.

எனக்கு இப்படி ஒரு தகவல் வந்தபோது நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. சொன்ன நேரத்துக்கு அந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்று டீ குடித்தேன். ரெண்டு பேர் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "குட் ஈவ்னிங் சார்" என்றார்கள், போய்விட்டார்கள். மறுநாள்தான் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

இனி ஆசிரியர்களுக்கு. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை அந்த நாட்டு சீக்ரெட் சர்வீஸும் கல்வித்துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோது, சுமார் 81 சதவீதச் சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அது துப்பாக்கி இருக்கிற ஊர், நம் கதை வேறு, ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் நம் மின்ட் தெருவுக்கும் பொருந்தும். சண்டை முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டதாகத்தான் இருக்கும். யாருக்கோ தெரியும். அந்த யாரோ நம்மிடம் வருகிறானா என்பதுதான் கேள்வி. நான் ஒருமுறை இதில் கோட்டை விட்டேன். தகவல் சொன்ன ஆறாம் வகுப்புப் பையனை, நல்ல பிள்ளை என்று பிரேயரில் மேடையேற்றிக் கைதட்ட வைத்தேன். அன்று சாயங்காலமே அவனைப் புரட்டி எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த செக்‌ஷனிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளையும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சண்டை நடக்கும்போது எப்படி விலக்குவது? நான் ஒல்லி, பசங்க என்னைவிட உயரம். (புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, திருவொற்றியூர்)

நடுவில் போய் நிற்காதீர்கள் மேடம், முதல் குத்து உங்களுக்குத்தான் விழும். முதலில் பெயர் சொல்லிக் கத்துங்கள், "டேய் நிறுத்துங்கடா" என்பதைவிடச் சொந்தப் பெயர் காதில் விழுந்தால் பையன் ஒரு நொடி திரும்புவான். அடுத்து, சண்டை போடுகிற ரெண்டு பேரை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கிற நாற்பது பேரைக் கவனியுங்கள். கெத்து காட்டுவது அந்த நாற்பது பேருக்காகத்தான், அதிலும் இப்போது பாதிப் பேர் கையில் போன், எல்லாம் ஸ்டேட்டஸுக்கு. ஒருவனை ஓடிப்போய் இன்னொரு சாரைக் கூட்டிவரச் சொல்லுங்கள், மற்றவர்களை வகுப்புக்கு விரட்டுங்கள். கூட்டம் கலைந்தால் பாதிச் சண்டை தானாகத் தளர்ந்துவிடும். பிடித்து இழுப்பதாக இருந்தால் ரெண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒருவன். ஒருவனை மட்டும் பிடித்தால் நீங்கள் அவனைக் கட்டிப்போட்டு மற்றவனை அடிக்க விட்ட மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் ஆரம்பித்த பிறகு. அதற்கு முந்தைய பத்து நிமிஷத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இண்டர்வலில் ஒரு பையன் கழுத்து ஐ.டி. கார்டைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுக்கிறான், கையில் இருக்கிற காப்பை விரல் முட்டிக்கு இறக்குகிறான், பெல்ட்டைத் தளர்த்துகிறான், அவனைச் சுற்றி வழக்கமாகச் சத்தம் போடுகிற கும்பல் திடீரென்று அமைதியாக இருக்கிறது. அப்போதே போய் "கொஞ்சம் இந்த நோட்டுக் கட்டைத் தூக்கிட்டு வா" என்று அவனைக் கூட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். நடந்தாலே சூடு இறங்கும்.

யாருக்காவது குத்துப்பட்டுவிட்டால், உள்ளே இருக்கிற பொருளை இழுக்கவே கூடாது, அதைச் சுற்றிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்லுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

என் மகனை அடித்த பையனை நாலு பேரோடு போய்ப் பள்ளி வாசலில் வைத்து மிரட்டலாம் என்று இருக்கிறேன். தப்பா? (ஒரு அப்பா, காசிமேடு)

தப்பு. நாளைக்கு அவன் அப்பா எட்டுப் பேரோடு வருவார். உங்கள் பையன் அடுத்த ரெண்டு வருஷம் அந்த வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும். எழுத்தில் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் முக்கால்வாசி, அதில் உங்கள் தெருக்காரர் ஒருவராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

எங்கள் பள்ளியில் கேமரா வைத்தாயிற்று, தினமும் பையைச் சோதிக்கிறோம். வேறென்ன செய்யலாம்? (தலைமையாசிரியர், கொருக்குப்பேட்டை)

சார், கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கப்போவதைக் காட்டாது. அதுவும் டாய்லெட்டில் வைக்க முடியாது, பசங்களுக்கு இது தெரியும். தினமும் பையைக் கிளறினால் கத்தி பைக்கு வராது, சுவருக்கு வெளியே இருக்கிற குப்பைத் தொட்டிக்கடியில் இருக்கும். காரணம் இருக்கும்போது, இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில், தனி அறையில் சோதியுங்கள். பெண் பிள்ளைகள் பையை ஆசிரியைதான் திறக்க வேண்டும். எல்லார் முன்னாலும் கொட்டிக் காட்டாதீர்கள், சானிட்டரி நாப்கின் வெளியே விழுந்து ஒரு பிள்ளை பள்ளிக்கே வராமல் போன கதை எனக்குத் தெரியும்.

2012 பிப்ரவரியில் பாரிமுனையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அன்றைக்கு வடசென்னை முழுக்க ஸ்டாஃப் ரூம்களில் யாரும் சாப்பிடவில்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் சக மாணவனை வகுப்புக்குள் அரிவாளால் வெட்டினான், பென்சிலில் ஆரம்பித்த தகராறு என்றன செய்திகள். பென்சில்! அதனால் "சின்ன விஷயம்" என்று ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு பேர் பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆனால் அதை விசாரிக்க ஒரு ஆள் பள்ளியில் வேண்டும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிகளுக்கு ஒரு நலன் அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வருகிறபோது வரட்டும். அதுவரை உங்களிடம் இருக்கிற ஆசிரியர்களில் பசங்க யாரிடம் போய்ப் பேசுகிறார்களோ அவருக்கு வாரத்தில் நாலு பீரியடு குறைத்துக் கொடுங்கள். அந்த ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லித்தான் என் அப்பா என்னைச் சேர்த்தார். அடிக்காமல் எப்படி வளர்ப்பது? (தண்டையார்பேட்டை)

என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள், நானும் ஆரம்பத்தில் நிறைய அடித்தவன்தான், மறைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடலில் அடிப்பது, மனதைப் புண்படுத்துவது ரெண்டையும் தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிரம்பை விட்ட பிறகு நான் கண்டது, ஒரு சண்டையில் நான் அடித்து முடித்துவைத்தால் "கணக்கு தீர்ந்தது" என்று நினைத்துக்கொள்வது நான் மட்டும்தான், பசங்க கணக்கு அப்படியே இருக்கும், இடம் மட்டும் மைதானத்திலிருந்து தெருவுக்கு மாறும். இப்போதெல்லாம் ரெண்டு பேரையும் தனித்தனியாக எழுத வைக்கிறேன், என்ன நடந்தது என்று. எழுதத் தெரியாதவன் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். முதல் வரியில் எல்லாருமே "அவன்தான் சார் ஃபர்ஸ்ட்" என்பார்கள். நாலாவது வரியில்தான் சமாச்சாரம் வரும்: அவன் எங்கம்மாவைப் பற்றிப் பேசினான், எங்க அப்பா ஜெயிலில் இருப்பதைச் சொல்லிக் கலாய்த்தான்.

சண்டையில் என் பையனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், வயது 15. கெல்லீஸ் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்களா? வாழ்க்கையே போச்சா? (எண்ணூர்)

போகவில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு கூடாது, பிடித்து வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை. பள்ளிச் சான்றிதழை, இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழை உடனே கொண்டுபோங்கள், வயதுதான் முதல் பிரச்சினையாக வரும். சின்னக் கைகலப்புக்குப் பெரும்பாலும் அறிவுரை சொல்லிப் பெற்றோரோடு அனுப்பிவிடுவார்கள். 2015 சட்டப்படி சிறுவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடுவது குற்றம், அதனால் "என் பசங்க" என்று உங்கள் சொந்தக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டிருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

பள்ளிக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடையில் பசங்களுக்கு ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் கிடைக்கிறது. புகார் கொடுத்தால் கடைக்காரர் விரோதம் ஆகிவிடுவாரோ? (பழைய வண்ணாரப்பேட்டை)

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலையே விற்கக் கூடாது. பிள்ளைக்குக் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இதை ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடைக்காரருக்கே முதலில் கொடுத்துப் பாருங்கள். நான் கொடுத்தபோது மூன்று கடையில் இரண்டு நிறுத்தின. மூன்றாவதுக்குப் போலீஸ்.

பள்ளியில் எந்த இடத்தை அதிகம் கவனிக்க வேண்டும்? (ஒரு பெற்றோர், பெரம்பூர்)

டாய்லெட் வழி, மாடிப்படித் திருப்பம், சைக்கிள் ஸ்டாண்டின் பின்பக்கம், பள்ளி விட்ட பிறகு முதல் இருபது நிமிஷம் கேட். பசங்களையே கேளுங்கள், பள்ளி வரைபடம் ஒன்று போட்டுக் கொடுத்து, பயமாக இருக்கிற இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், பேர் எழுத வேண்டாம். நான் இதை ஒரு பள்ளியில் செய்தபோது எல்லாரும் டாய்லெட்டில் வைப்பார்கள் என்று நினைத்தேன். பாதிப் புள்ளிகள் தண்ணீர்க் குழாய் பக்கம் இருந்தன. போய்ப் பார்த்தால் மூன்று குழாயில் ஒன்றுதான் வேலை செய்தது, பெரிய பசங்க அதைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ப்ளம்பரைக் கூப்பிட்டோம்.