ஹுவானெஸ் ராக் பாடகரா, பாப் பாடகரா?

இரண்டும்தான், ஆனால் வேர் ராக்கில் இருக்கிறது. கொலம்பியாவின் மெடெயின் நகரத்துக்காரர். 1988இல் எகிமோசிஸ் என்ற மெட்டல் (ராக்கின் முரட்டு வகை) இசைக்குழுவைத் தொடங்கி, ஏறக்குறைய பத்து வருடம் அதில் பாடினார். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 2000இல் முதல் தனி ஆல்பம் வந்தது. அதன் தலைப்புப் பாடலே கண்ணிவெடிகளைப் பற்றியது. மறுவருடம் மூன்று லத்தீன் கிராமி விருதுகள்.

அவரை உலகமெங்கும் கொண்டுபோனது 'லா கமிசா நெக்ரா' என்ற பாட்டுதான். எனக்கு அதைவிட 2002இல் வந்த 'அ தியோஸ் லே பிதோ' உசத்தி. துள்ளலான மெட்டு, காதல் பாட்டு போலவே போகும். நடுவில், அம்மா சாகக்கூடாது, என் மக்கள் இத்தனை ரத்தம் சிந்தக்கூடாது என்று கடவுளிடம் கேட்கிறார். உள்நாட்டுப் போர் ஓயாத நாட்டில் அந்த வரிக்கு எவ்வளவு கனம்! 2008இல் கொலம்பியா, வெனிசுலா எல்லைப் பாலத்தில் அமைதிக்காகக் கச்சேரி நடத்தியவரும் இவர்தான்.